ரீலையும் ஸ்பிரிங்காரையும் ஒட்ட வேண்டாம்

கேள்வி: நார்வேயின் பேர்கன் நகரில் வளர்ந்தவள் நான். சிறுவயதில் கர்நாடக வயலின் படித்தேன். இப்போது நார்வேயின் நாட்டுப்புற வயலினான ஹார்டாங்கர் பிடில் கற்கிறேன். அயர்லாந்துத் தோழி ஒருத்தியுடன் சேர்ந்து நார்வே, ஐரிஷ் மரபுகள் இரண்டையும் கலந்து வாசிக்க ஆசை. ஆனால் அவளுடைய ரீல் என்ற ஐரிஷ் ஆட்ட மெட்டும், என்னுடைய ஸ்பிரிங்கார் என்ற நார்வே ஆட்ட மெட்டும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன. "கலந்தால் இரண்டும் கெடும்" என்கிறார் எனக்குச் சொல்லித்தரும் பெரியவர். விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் பெரியவர் மேல் வருத்தமும் வேண்டாம்; நீங்கள் எடுத்த ஜோடியைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ரீல் சம அளவில் விரையும் நடை. ஸ்பிரிங்காருக்கு மூன்று தட்டு. நார்வேயின் டெலமார்க் வட்டாரப் பாணியில் அந்த மூன்றும் ஒரே நீளம்கூட இல்லை: முதல் தட்டு நீண்டும் மூன்றாவது குறுகியும் வரும். ஆடுபவரின் கால் அதை நம்பித்தான் தரையில் இறங்குகிறது. ரீலுக்காக அதைச் சமப்படுத்தினால் ஸ்பிரிங்காரின் உயிரே போய்விடும்.

ஜோடியை மாற்றுங்கள். நார்வேயின் கங்கார் நடந்து ஆடும் ஆட்டம். பல கங்கார்கள் நம் திஸ்ர நடையில், அதாவது ஒரு தட்டை மூன்றாகப் பிரிக்கும் நடையில், அமைந்தவை. ஜிக் என்ற ஐரிஷ் ஆட்ட மெட்டும் அதே நடைதான், வேகம் மட்டும் கூடுதல். ஒத்திகையைக் கங்காரின் வேகத்திலேயே தொடங்குங்கள், தோழி அவசரப்பட்டாலும்.

அடுத்தது சுருதி. ஹார்டாங்கர் பிடிலைச் சாதாரண வயலினைவிட உயர்த்திக் கட்டுவதே வழக்கம். தோழிக்காக அதை மாற்றினால், அடியில் ஓடி, வில் படாமலே கூட அதிரும் அனுதாபத் தந்திகளையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே முதல் சில வாரங்கள் நீங்களும் சாதாரண வயலினையே எடுங்கள். இருவரும் கீழ்த்தந்திகள் இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி ஏ, ஈ, ஏ, ஈ என்று கட்டுங்கள். ஸ்காட்லாந்திலும் அதன் வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளிலும் பழகிய கட்டு இது. உங்கள் விரல்களுக்கும் புதிதல்ல: சிறுவயதில் நீங்கள் கட்டிய ஸ-ப-ஸ-ப இதேதான்!

ஷெட்லாந்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1469இல் டென்மார்க்-நார்வே அரசர் முதலாம் கிறிஸ்டியன், மகளின் சீதனத்துக்கு ஈடாக ஸ்காட்லாந்திடம் அடகு வைத்த தீவுகள் அவை. அடகு மீட்கப்படவே இல்லை. நார்ஸ் என்ற பழைய வடநாட்டு மொழியின் வழிவந்த தீவுமக்களின் மொழியும் பின்னால் மறைந்தது. ஆனால் பிடிலில் ஸ்காட்லாந்து, நார்வே என்ற இரண்டு கரைகளும் இன்றும் கேட்கின்றன: மெட்டு ஸ்காட்டிஷ் ரீலாக ஓட, பக்கத்துத் திறந்த தந்தி கூடவே ஒலித்துக்கொண்டிருக்கும். ஹார்டாங்கர் பிடிலில் வில் இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுப்பதற்கு மிக நெருக்கமான ஓசை அது. அந்தத் தீவுக்காரரான பிடில் கலைஞர் அலி பெய்ன், ஸ்வீடனின் இசைக்கலைஞர் ஆலே மொல்லருடன் வாசித்ததைத் தேடிக் கேளுங்கள். ஸ்ட்ரிங் சிஸ்டர்ஸ் குழுவில் நார்வேயின் அன்பியோர்க் லீன், ஷெட்லாந்தின் கத்ரியோனா மெக்டொனால்ட், அயர்லாந்தின் மெய்ரேட் நீ வினி ஒரே மேடையில் வாசிப்பதையும் கேளுங்கள். யாரும் தன் உச்சரிப்பை விட்டுக்கொடுப்பதில்லை.

உங்கள் தோழி, ரோல் எனப்படும் ஐரிஷ் ஸ்வர அலங்காரங்களில் பாதியைக் குறைத்துவிட்டுத் திறந்த தந்தியை ஒலிக்க விடட்டும். எல்லா இடத்திலும் அலங்காரம் விழுந்தால் உங்கள் இரட்டைத் தந்தி நாதம் அதற்குள் புதைந்துவிடும். கங்காரை முதல் சுற்றில் நீங்கள் தனியாக, ஒரு துளியும் மாற்றாமல் வாசியுங்கள். இரண்டாம் சுற்றில் தோழி சுருதி மட்டும் பிடிக்கட்டும். மூன்றாம் சுற்றில் ஜிக்குக்குத் தாவலாம்.

வாசிக்கும் முன், அந்த மெட்டை யாரிடமிருந்து கற்றீர்கள் என்று சொல்லுங்கள். நார்வேயில் அது முறை. பெரியவரை மேடைக்கு அல்ல, ஒத்திகைக்கே அழையுங்கள். நடை எங்கே வழுக்குகிறது என்பதை அவர் காது உங்களுக்கு முன்பே பிடித்துவிடும்.