கணையக் கட்டியும் கேஐ-67 எண்ணும் (கடிதம்)

மதிப்பிற்குரிய ஐயா,

அடிக்கடி சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்த என் அண்ணனுக்குக் கணையத்தில் இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும் இன்சுலினோமா என்ற ஒன்றரை சென்டிமீட்டர் கட்டியை அகற்றினார்கள். திசுப் பரிசோதனை அறிக்கையில் 'தரம் 1, கேஐ-67: 1%' என்று இருக்கிறது, புற்றுநோயா, இல்லையா என்று ஒரு வரி கூட இல்லை. திசுவையே கையில் வைத்துக்கொண்டு ஏன் சொல்ல முடியவில்லை?

குமரன்

அன்புள்ள குமரன்,

அறிக்கை எழுதியவர் மழுப்பவில்லை. பெரும்பாலான புற்றுநோய்களைச் செல்களின் உருக்குலைவே காட்டிக்கொடுத்துவிடும். ஹார்மோன் சுரக்கும் கணையக் கட்டிகளிலோ, நாளை கல்லீரலுக்குப் பரவப்போவதும் பரவாமலே இருக்கப்போவதும் நுண்ணோக்கியில் ஒரே சாயலில் தெரியக்கூடும். ஆகவே திசுவில் வேறு அடையாளங்களைத் தேட வேண்டியிருக்கிறது. கர்ப்பப் பரிசோதனையில் பார்க்கும் ஹெச்சிஜி ஹார்மோனின் ஆல்ஃபா பகுதி கட்டியில் இருந்தால் அது தீயது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். தீங்கற்ற கட்டிகளிலும் அது தென்படவே அந்த நம்பிக்கை தளர்ந்தது.

கேஐ-67 என்பது பெருகிக்கொண்டிருக்கும் செல்லின் உட்கருவில் உள்ள புரதம். சாயமேற்றினால் அந்த உட்கரு பழுப்பாகும்; பழுப்பு மிகுந்த இடத்தில் குறைந்தது 500 செல்களை எண்ணி விழுக்காடு கணக்கிடுகிறார்கள். கட்டிக்குள் புகுந்த நிணநீர்ச் செல்களும் பழுப்பேறும் என்பதால், அவற்றைக் கழிக்காவிட்டால் கணக்கு கூடிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வகைப்பாட்டின்படி 3 விழுக்காட்டுக்குக் கீழே தரம் 1, 20 வரை தரம் 2, அதற்கு மேல் தரம் 3. எண்ணுபவர் மாறினாலே தாண்டிவிடக்கூடிய இந்த 3 என்ற கோட்டின்மேல் எனக்குப் பெரிய பக்தி கிடையாது. ஆனால் உங்கள் அண்ணனின் எண் கோட்டுக்கு அருகில் இல்லை.

இன்னொரு அடையாளம் டாக்ஸ், ஏடிஆர்எக்ஸ் என்னும் இரண்டு புரதங்கள். கணையத்தின் ஹார்மோன் செல்களில் தோன்றும் கட்டிகளைப் பொதுவாக எடுத்துக்கொண்டால், பத்தில் நான்குக்கு மேற்பட்டவற்றில் இவற்றின் மரபணுக்களில் ஒன்று பழுதுபட்டிருப்பதை 2011இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு வெளியிட்டது. புரதம் இல்லாத கட்டியில் உட்கருக்கள் வெளிறிய நீலமாக நிற்க, இடையே ஓடும் இரத்தக் குழாயின் செல்கள் மட்டும் பழுப்பாக இருக்கும்; குழாயும் வெளிறியிருந்தால் சாயமே பிடிக்கவில்லை என்று பொருள். இந்த இழப்பு இருந்தால் நோய் திரும்பவும் பரவவும் வாய்ப்பு அதிகம். இன்சுலினோமாவில் இது அரிது.

இன்சுலினோமாக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் பரவுகிறது. இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த அளவும் 1 விழுக்காடும் அண்ணனுக்குச் சாதகமானவை. வெட்டிய விளிம்பு, நிணநீர்க் கணுக்கள், இரத்தக் குழாய்க்குள் ஊடுருவல் ஆகியவற்றைப் பற்றி அறிக்கை என்ன சொல்கிறது என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இரத்தத்தில் கால்சியம் கூடியிருந்தாலோ பிட்யூட்டரிக் கட்டி இருந்தாலோ அதையும் மறக்காமல் சொல்லுங்கள்; மென்-1 என்னும் பரம்பரைக் கோளாறாக இருந்தால் உங்களுக்கும் பரிசோதனை தேவைப்படும்.