சாந்தி வீட்டு இலையும் அடுத்த திங்கட்கிழமையும்

எடை குறைப்பது பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, பந்தியிலிருந்து எழுந்து கை கழுவிய சூட்டோடு எழுதியவை போலிருக்கின்றன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மூன்று மாதத்தில் 7 கிலோ குறைத்தேன். ஒரு மாதமாக முள் நகரவில்லை. அதே சாப்பாடு, அதே நடை. விட்டுவிடலாமா என்றிருக்கிறது. (பள்ளத்தூர் வாசகி, 46)

பதில்: 'அதே சாப்பாடு' என்கிறீர்களே, அங்கேதான் விஷயம். 7 கிலோ இறங்கிய உடம்புக்குப் பழைய அளவு தேவையில்லை. அன்று குறைவாக இருந்த சாப்பாடு இன்று சரிக்குச் சரியாகிவிட்டது. எண்ணெயை ஒரு வாரம் கரண்டியால் அளந்து ஊற்றிப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. தாளிக்கச் சாய்க்கிற கை மூன்று மாதத்தில் பழையபடி தாராளமாகியிருக்கும். இடுப்பையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90, அதுதான் எல்லை. முள் நின்ற மாதத்திலும் டேப் இறங்கிப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எடை குறைய நல்ல மாத்திரை ஒன்று எழுதவும். அவசரம்.

பதில்: வயது இல்லை, எடை இல்லை, உயரம் இல்லை, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதும் இல்லை. தையல்காரரிடம்கூட இப்படிப் போய் நிற்க மாட்டீர்கள். நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தே போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது! (கானாடுகாத்தான், 52)

பதில்: வந்த மறுநாளே மெஷினில் ஏறியிருப்பீர்கள். நாள்கணக்கில் நடந்த கால் சதை நீரைப் பிடித்து வைத்திருக்கும், அது வடிய ஒரு வாரம் ஆகும். வழியெல்லாம் அன்னதானமும் பானகமும் வேறு. அதை முருகன் கணக்கில் எழுத முடியாது. பத்து நாள் கழித்து, காலையில், வெறும் வயிற்றில், அதே மெஷினில் பாருங்கள். அதுவரை தினமும் அரை மணி நேரமாவது நடங்கள். பழனி வரை போன கால் தெருமுனை வரை போகாதா?

கேள்வி: இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தேன். தேவகோட்டையில் அத்தை வீட்டுச் சாந்தி, அறுபதாம் கல்யாணம். இரண்டு நாள் வாயைக் கட்டவில்லை. மறுநாள் 2 கிலோ ஏற்றம். மனசு விட்டுப்போய்ப் பத்து நாளாக எல்லாம் சாப்பிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை புதிதாக ஆரம்பிக்கலாமா? (காரைக்குடி வாசகி, 38)

பதில்: இந்தத் திங்கட்கிழமையைக் காலண்டரிலிருந்தே கிழித்துப் போட்டால் என் வேலை பாதி குறையும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு சேரத் தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி வேண்டும். 2 கிலோவுக்கு 15,000. வெள்ளைப் பணியாரம், மசாலா சீயம், கறுப்புக் கவுனி அரிசி இனிப்பு, மதியம் முழுப் பந்தி என்று ஒன்றையும் விடாமல் சாப்பிட்டாலும் இரண்டு நாளில் கூடுதலாக 4,000 தாண்டுவது கஷ்டம். அதாவது அரைக் கிலோ. மிச்சமெல்லாம் உப்பு பிடித்து வைத்த நீர், இன்னும் குடலில் இருக்கிற சாப்பாடு. மாவுச்சத்து உடம்பில் தங்கும்போதும் ஒரு கிராமுக்கு மூன்று கிராம் நீரைக் கூட்டிக்கொண்டு வரும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியிருந்தால் நான்கைந்து நாளில் பெரும்பகுதி தானே இறங்கியிருக்கும். உங்களைக் கெடுத்தது அத்தை வீட்டு இலை இல்லை, அதற்கப்புறம் வந்த பத்து நாள்.

என்னிடம் ஒரு ஆச்சி சாப்பாட்டுக் குறிப்பு நோட்டு நான்கு கொண்டுவந்தார். எல்லாம் புது நோட்டு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி. திங்கள், செவ்வாய், புதன் மணிமணியான கையெழுத்தில் இருக்கும். வியாழன் 'விசேஷம்' என்று ஒரே சொல். அதோடு வெள்ளைத் தாள். அடுத்த திங்களுக்கு அடுத்த நோட்டு! அந்த வெள்ளிக்கிழமைகளை எழுதியிருந்தால் ஒரே நோட்டு போதும் என்றேன். இப்போது அந்த முதல் நோட்டிலேயே 'பணியாரம் 6' என்று கூச்சப்படாமல் எழுதுகிறார்.

தவறியது ஒரு வேளை. திருத்துவது அடுத்த வேளை. ராத்திரி பந்தியா, காலையில் மூன்று இட்லி, சாம்பார், சரி. பந்தியில் உட்காருமுன்னே பிடித்த இரண்டு ஐட்டத்தை முடிவு செய்யுங்கள். மற்றதற்கு இலைமேல் கையை மறித்துக் காட்டுங்கள். பரிமாறுகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அத்தைதான் கோபித்துக்கொள்வார்.

கேள்வி: சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன். விருந்துக்கு மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டுகிறேன். சரிதானே?

பதில்: ஆபத்து. சில மாத்திரைகளோடும் இன்சுலினோடும் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. இதை எத்தனை முறை எழுதுவது?

கேள்வி: கவுனி அரிசி எடையைக் குறைக்குமாமே?

பதில்: நார்ச்சத்து உண்டு, கலோரி வெள்ளை அரிசிக்குக் கிட்டத்தட்டச் சமம். நீங்கள் அதை நெய்யும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டல்லவா சாப்பிடுகிறீர்கள்!

கேள்வி: 'என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீக, சீக்கா?' என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். சோர்ந்துபோகிறேன். (புதுவயல், 57)

பதில்: 'வேணும்னுதான் இளைக்கிறேன்' என்று சிரித்துவிட்டுப் போங்கள். முயற்சியே இல்லாமல் இளைத்திருந்தால் அவர்கள் கேட்பது சரிதான். சர்க்கரையும் தைராய்டும் இந்த வாரமே பரிசோதித்துவிடுங்கள்.