இங்கிலாந்துக் கிராமங்களில் ஊருரிமை: ஏழை எந்த ஊரின் பொறுப்பு?

கேள்வி: 1601-லேயே ஏழைகளுக்கு உதவும் சட்டம் வந்துவிட்டது. பிறகு ஏன் அவர்களை ஊர்விட்டு ஊர் விரட்டினார்கள்?

பதில்: உதவிப் பணம் அந்தந்த பேரிஷ்காரர்களின் வரியிலிருந்தே வந்தது. பேரிஷ் என்றால் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப் பகுதி. ஈஸ்டரை ஒட்டி நியமிக்கப்பட்ட ஏழைக் கண்காணிப்பாளர்கள், நிலமும் வீடும் அனுபவிப்போரிடம் வரி வாங்கினார்கள். சின்ன ஊரில் பிள்ளைகுட்டியுள்ள ஒரு குடும்பம் கையேந்தினாலே வரி உயர்ந்துவிடும். அதனால் 1662 சட்டம் வெளியேற்றும் அதிகாரத்தைக் கொடுத்தது. புதிதாக வந்தவர் ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகை இடத்தில் தங்கியிருந்தால், 40 நாளுக்குள் புகார் செய்யலாம். இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட்டால் அவர் போயே ஆகவேண்டும்.

கேள்வி: பிறந்த ஊரே சொந்த ஊர்தானே?

பதில்: எப்போதும் இல்லை. வறுமைப்பட்டால் ஒரு பேரிஷிடம் உதவி பெறும் உரிமைதான் ஊருரிமை. முறைப்படி பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் ஊருரிமை, மனைவிக்குக் கணவனுடையது. 1834 வரை, மணமாகாத தாயின் குழந்தைக்குத்தான் பொதுவாகப் பிறந்த ஊர். பிரசவம் நெருங்கிய பெண்ணை அவசரமாக எல்லை தாண்டி அனுப்பியது இதனால்தான். இந்தச் சட்டத்தின் ஆகக் கொடிய விளைவு இது என்பேன்.

கேள்வி: பண்ணை ஆளுக்கு ஊருரிமை எப்படிக் கிடைத்தது? ஏன் அடிக்கடி கைநழுவிப் போனது?

பதில்: வேலைக்குப் பேசும்போது மணமாகாதவராக, பிள்ளை இல்லாதவராக இருக்க வேண்டும். ஓராண்டுக்குப் பேசி, ஆண்டு முழுக்க உழைக்க வேண்டும். பணிக்காலத்தின் கடைசி 40 நாள் எந்த பேரிஷில் தங்கினாரோ, உரிமை அங்கே. இடையில் கல்யாணம் செய்துகொண்டால் கெடாது. ஆனால் ஒரு வாரம் குறைத்துப் பேசினால் எல்லாம் போச்சு! ஊர் வரிக்கு அஞ்சிய பண்ணையார்கள் 51 வாரத்துக்கே ஆள் வைத்தார்கள். மைக்கேல்மஸ் (செப்டம்பர் 29 திருநாள்) முடிந்து சில நாள் கழித்து எடுத்து, அடுத்த மைக்கேல்மஸில் கணக்கு முடித்தார்கள். சட்டப்படி அது ஓராண்டு ஆகாது.

தொழில் பழகிய பயிற்சியாளுக்கும் 40 நாள் தங்கலே கணக்கு. அதில் முக்கியம், இரவு எங்கே படுத்தார் என்பது. பட்டறை ஓர் ஊரிலும் படுக்கை அடுத்த ஊரிலும் இருந்தால், உரிமை படுத்த ஊரில்.

கேள்வி: ஓர் ஏழை தன் ஊருரிமை பற்றி நீதிபதிகள் முன் கொடுத்த பழைய வாக்குமூலம் ஒன்றைப் படிக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பின்னிருந்து முன்னாகப் படியுங்கள். கடைசியாகப் பெற்ற ஊருரிமைதான் செல்லும். புதியது வந்தால் பழையது ஒழியும். எங்கே, எவ்வளவு காலத்துக்குப் பேசினார், எவ்வளவு கூலி, முழு ஆண்டும் இருந்தாரா, அப்போது மணமாகியிருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே வெளியேற்ற உத்தரவு இருந்தால், ஏற்கவேண்டிய பேரிஷ் காலாண்டு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ததா என்று தேடுங்கள். செய்யாமல் விட்டிருந்தால் அந்த ஏழை அதன் பொறுப்பே.

கேள்வி: சான்றிதழ் எதற்கு?

பதில்: 1697 சட்டப்படி, "இவர் எங்கள் ஊரார், வறுமைப்பட்டால் ஏற்றுக்கொள்கிறோம்" என்று சொந்த பேரிஷ் எழுதித் தருவது. அது கையில் இருந்தால், உதவி கேட்கும்வரை வந்த ஊரில் தொட முடியாது. 1795-க்குப் பின் சான்றிதழ் இல்லாதவர்களையும் உதவி கேட்கும்முன் அனுப்பக்கூடாது என்றானது. நோயாளியின் வெளியேற்றத்தை நிறுத்திவைக்கவும் வழி வந்தது. மணமாகாத கர்ப்பிணிக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அவள் உதவி கேட்டவளாகவே கருதப்பட்டாள்.

கேள்வி: இது எப்போது தளர்ந்தது?

பதில்: 1834-ல் ஓராண்டு வேலையால் உரிமை பெறும் வழி அடைபட்டது. 1846-ல் ஐந்தாண்டு தங்கியவரை வெளியேற்ற முடியாது என்று வந்து, 1861-ல் அது மூன்றாண்டாகவும் 1865-ல் ஓராண்டாகவும் குறைந்தது. 1865 சட்டம் செலவையும் தனி பேரிஷிடமிருந்து பல பேரிஷ்கள் சேர்ந்த யூனியனுக்கு மாற்றியது. அதன்பிறகு பக்கத்து ஊருக்கு ஏழையைத் தள்ளிவிடுவதில் வரிகட்டுவோருக்கு லாபமில்லை.