ஜேசிபி வாங்கலாமா, வாடகைக்கே ஓட்டலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது. ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். எட்டு வருடம் ஜேசிபி டிரைவராக இருந்துவிட்டு, மூன்று வருடமாக மண் வேலையை நானே பேசி எடுத்துச் செய்கிறேன். கோபாலபுரம், ஆனைமலை வரை தோப்பு வேலை வருகிறது. வண்டி பொள்ளாச்சிக்காரர் ஒருவருடையது. டீசல், டிரைவர் எல்லாம் சேர்த்து மணிக்கு 1,100 ரூபாய் அவருக்குக் கொடுக்கிறேன். நான் 1,300 வாங்குகிறேன். போன வருடம் 1,020 மணி நேரம் ஓடியது. அவருக்கு மட்டும் 11 லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. புது வண்டி 35 லட்சம் சொல்கிறார்கள். 5 லட்சம் முன்பணம், 30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 48 மாதம். தவணை சுமார் 77,500, வருடத்துக்கு 9.30 லட்சம்தான். அந்த 11 லட்சத்தைவிட இது குறைவுதானே? முன்பணத்துக்கு மனைவியின் நகை இருக்கிறது. கூடுதல் ஈடாக அப்பாவின் ஒன்றரை ஏக்கர் தோப்பைக் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தம்பி, இந்த வருடம் வாங்க வேண்டாம். ஓடிய மணியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். அந்த நோட்டுதான் வேண்டாம் என்கிறது.

11 லட்சத்தையும் 9.30 லட்சத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். பொள்ளாச்சிக்காரர் கைக்குப் போகும் 11.22 லட்சத்தில் டீசல் இருக்கிறது. மணிக்கு ஐந்தரை லிட்டர் என்று வைத்தால் 510 ரூபாய். 1,020 மணிக்கு 5.20 லட்சம். ஆயில், ஃபில்டர், கிரீஸ், பக்கெட் பல், பின், புஷ், ஹோஸ், டயர் எல்லாம் சேர்த்து மணிக்கு 110 என்று வையுங்கள், 1.12 லட்சம். டிரைவர் சம்பளம் மாதம் 20,000 என்றால் வருடத்துக்கு 2.40 லட்சம், பேட்டா சுமார் 40,000. இன்சூரன்ஸ், வரிக்கு 60,000. கூட்டினால் 9.72 லட்சம். வண்டி உங்களுடையதாக இருந்தாலும் இந்தச் செலவு முழுக்க உங்கள் பையிலிருந்துதான் போகும். மிஞ்சுவது ஒன்றரை லட்சம். அதை வைத்துத்தான் 9.30 லட்சம் தவணை கட்ட வேண்டும்.

அப்படியானால் அவர் எப்படிப் பிழைக்கிறார்? உங்களுக்கு ஓடாத நாளில் அவர் வண்டி வேறு நான்கு பேருக்கு ஓடுகிறது. ஒரே டிரைவர் சம்பளமும் ஒரே இன்சூரன்ஸும் இரண்டு மடங்கு மணிக்குப் பங்காகிறது. நீங்கள் வாங்கினால் அந்த நான்கு பேரையும் நீங்களே தேட வேண்டும்.

மணிக்கு 1,300 வாங்கி, டீசல், ஆயில்-டயர் செலவு, பேட்டாவுக்கு 660 போனால் கையில் 640. இப்போது வண்டியே இல்லாமல் மணிக்கு 200 சம்பாதிக்கிறீர்கள், அதைக் கழியுங்கள். சொந்த வண்டி உங்களுக்குக் கூடுதலாகத் தருவது 440தான். தவணை, சம்பளம், இன்சூரன்ஸ் சேர்ந்து மாதம் 1,02,500. அப்படியென்றால் மாதம் 233 மணி ஓட வேண்டும். நான்கு வருடம் கழித்து வண்டி 15 லட்சத்துக்குப் போகும் என்று எடுத்துக்கொண்டு, அதை மாதக் கணக்கில் பிரித்துக் கழித்தாலும் 162 மணி வேண்டும். உங்களுக்கு ஓடுவது சராசரி 85. அந்த 15 லட்சமும் கடைசியில்தான் வரும். தவணை முதல் மாதத்திலிருந்தே வரும்.

நீங்களே ஓட்டினால் சம்பளமும் பேட்டாவும் மிச்சமாகும், உண்மைதான். அப்போது 162 என்பது 107 ஆக இறங்கும். ஆனால் காலை ஏழு மணிக்கு சீட்டில் உட்கார்ந்தால், தோப்புக்காரரிடம் போய் வேலை பேசுவது யார்? மணி கூடாவிட்டால் 107-ம் தூரம்தான்.

இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இப்போது வரும் வேலையில் வேர் வாடல் நோய் வந்த தென்னையைப் பிடுங்கும் வேலை எவ்வளவு? ஒரு மரத்தை ஒரு முறைதான் பிடுங்க முடியும். பிடுங்கிய இடத்தில் கன்றுக்குக் குழி எடுப்பீர்கள், அதோடு அந்தத் தோப்பில் பெரிய வேலை முடிந்தது. நான்கு வருடக் கடனுக்கு, இரண்டு வருடத்தில் தீரக்கூடிய வேலையை நம்ப முடியாது. வரப்பு, வாய்க்கால், குட்டை தூர்வாருவது, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவது, இவைதான் திரும்பத் திரும்ப வரும். நோட்டில் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

உங்கள் பக்கம் ஜூனில் மழை பிடித்தால் மண் வேலை படுத்துவிடும். என் சொந்தத்திலேயே ஒருவர் இப்படி வண்டி எடுத்தார். கோடையில் நன்றாக ஓடியது, ஆடியில் வாசலில் நின்றது. மூன்று தவணை விட்டதும் கடன் கொடுத்தவர்கள் வண்டியை எடுத்துப் போனார்கள். வண்டி போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். ஈடாக வைத்த நிலத்தை மீட்க அவர் பட்ட பாட்டை என்னால் மறக்க முடியவில்லை. அதனால் சொல்கிறேன், எந்த வருடம் வாங்கினாலும் அப்பாவின் தோப்பை ஈடாக வைக்காதீர்கள். வண்டியை மட்டும் ஈடாக ஏற்பவரிடம் வட்டி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

எல்லையில் இருப்பதால் ஒரு ஆபத்தும் உண்டு. கேரளத்தில் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் வயலை நிரப்பினால் வண்டியையே பறிமுதல் செய்யலாம். சாதாரண மண் எடுக்கவும் சுரங்க, நிலவியல் துறை அனுமதி வேண்டும். வண்டி காவல் நிலைய வாசலில் நின்றாலும் தவணை நிற்காது. பதிவு விஷயமும் பாருங்கள்: ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அடுத்த மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும்.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வார்த்தை. 35 லட்சத்தில் ஏறக்குறைய 5 லட்சம் 18 சதவீத ஜிஎஸ்டி. உங்கள் வரவு 13 லட்சத்துச் சொச்சம், பதிவு கட்டாயமாகும் 20 லட்சத்துக்குக் கீழே. பதிவு இல்லாதவருக்கு அந்த வரி திரும்பக் கிடைக்காது. திரும்பப் பெறுவதற்காகப் பதிந்தால், தோப்புக்காரரிடமும் 18 சதவீதம் கூட்டிக் கேட்க வேண்டிவரும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? மார்ச், ஏப்ரலில் உங்களுக்கு மணி அதிகம் ஓடும். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் பொள்ளாச்சிக்காரரிடம் மாத வாடகை பேசிப் பாருங்கள். டிரைவரும் பேட்டாவும் அவர் பொறுப்பு, டீசல் உங்கள் பொறுப்பு, 90,000 என்று படிந்தால், மாதம் 153 மணிக்கு மேல் ஓடுவதெல்லாம் இப்போது கிடைப்பதைவிட உங்களுக்குக் கூடுதல் லாபம். 175 மணி ஓட்டினால் மாதம் 13,000 ரூபாய் கூடுதலாக மிஞ்சும். ஓடாமல் நின்றால் நஷ்டம் ஒரு மாதத்தோடு போகும். சொந்த வண்டிக்காரன் தினமும் படும் கவலை எப்படி இருக்கும் என்பதும் அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

நகையை பீரோவிலேயே வைத்துவிட்டு, மாதம் 15,000 தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். இரண்டு வருடத்தில் 3.60 லட்சம் சேரும். அந்த இரண்டு வருடமும் மரம் பிடுங்கும் வேலையைக் கழித்து வருடத்துக்கு 1,950 மணிக்கு மேல் ஓடியிருந்தால், நோட்டோடு திரும்ப எழுதுங்கள். அப்போது எந்த வண்டி, எந்தக் கடன் என்று பேசலாம்.