ஓனர் லோன் கட்டல, பேங்க் நோட்டீஸ் ஒட்டிட்டாங்க, நாங்க காலி பண்ணனுமா?

கேள்வி: மேடம், ஆவடில ரெண்டு வருஷத்துக்கும் மேல வாடகைக்கு இருக்கோம், 11 மாச அக்ரிமென்ட், முடிய முடிய புதுசு எழுதிக்குவோம். வாடகை பாக்கியே கிடையாது. போன வாரம் பேங்க்ல இருந்து வந்து வாசக்கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க, ஓனர் போனே எடுக்கல. அட்வான்ஸ் 1 லட்சம் அவர்கிட்ட இருக்கு. என்ன பண்றது?

பதில்: பயப்படாதீங்கம்மா, நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கே சாமான தூக்கிட்டு போகணும்னு எதுவும் இல்ல. ஆனா ஓனர் பிரச்சனை அவர் பாத்துக்குவார்னு சும்மா இருந்துடாதீங்க, இதுல நிறைய பேர் ஏமாந்து போறது அங்கதான். கடன் திரும்ப வராதப்ப அடமான சொத்த பேங்க் எடுத்துக்க விடற சர்ஃபேசி சட்டம் 2002 படி பேங்க் மொதல்ல ஓனருக்கு 13(2) பிரிவுல கடன கட்டுங்கன்னு நோட்டீஸ் குடுத்து 60 நாள் டைம் தரணும், அதுக்கப்புறம்தான் 13(4) பிரிவுல வீட்ட எடுக்க வரலாம், உங்க கதவுல ஒட்டினது அனேகமா இந்த ரெண்டாவது தான். போட்டோ எடுத்து வைங்க, தேதி முக்கியம். நீங்க காலி பண்ணலன்னா பேங்க் 14வது பிரிவுல கலெக்டர் இல்ல மாஜிஸ்ட்ரேட்கிட்ட ஆர்டர் வாங்கிட்டு வரணும், நாலு ஆள அனுப்பி மிரட்டி வெளிய தள்றதெல்லாம் கூடாது, அப்படி வந்தா தயங்காம போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுங்க.

இப்ப முக்கியமான விஷயம். ஓனர் வீட்ட அடமானம் வைக்கறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணின வாடகை ஒப்பந்தம் இருந்தா அந்த காலம் முடியற வரைக்கும் உங்க உரிமை பலமா இருக்கும். பதிவு பண்ணாத ஒப்பந்தம்னா ஒரு வருஷத்துக்கு மேல இருக்க உரிமை கேக்க முடியாதுன்னு 2019ல பஜரங் ஷ்யாம்சுந்தர் அகர்வால் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 13(2) நோட்டீஸுக்கு அப்புறம் பேங்க் சம்மதம் இல்லாம ஓனர் புதுசா வாடகைக்கு விட்டிருந்தா அது செல்லாது, அதனால உங்களோட கடைசி அக்ரிமென்ட் எந்த தேதில எழுதினதுன்னு உடனே பாருங்க.

டைம் கேக்கணும்னா சென்னைல இருக்கற கடன் மீட்பு தீர்ப்பாயத்துல, டிஆர்டின்னு சொல்வாங்க, 45 நாளுக்குள்ள மனு போடலாம், 2016 திருத்தத்துக்கு அப்புறம் வாடகைதாரரோட உரிமையையும் அவங்க விசாரிக்கலாம். அக்ரிமென்ட் எல்லாம், வாடகை போட்ட பேங்க் ஸ்டேட்மென்ட், ஈபி பில், கேஸ் புக் எல்லாம் எடுத்துட்டு ஒரு வக்கீல பாருங்க. பேங்க் அதிகாரிக்கும் நீங்க குடியிருக்கீங்கன்னு ரிஜிஸ்டர் தபால்ல எழுதிடுங்க, காலி பண்ண ரெண்டு மூணு மாசம் கேட்டா பல நேரம் பேசி முடிக்க முடியும்.

அட்வான்ஸ் மட்டும் மனசுக்கு கஷ்டமான விஷயம். அத திருப்பித் தர வேண்டியது ஓனர்தான், பேங்க் தன் கடன் போகத்தான் மத்தவங்களுக்கு விடும். இப்பவே ஓனருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி வைங்க.

5 லட்சம் 10 லட்சம்னு லீஸுக்கு பணம் குடுக்கப் போற மத்த வாசகர்களுக்கும் சொல்றேன், தயவுசெஞ்சு மொதல்ல வில்லங்க சான்றிதழ் போட்டு பாருங்க, பத்திரத்த வச்சு வாங்கின லோன பதிவு பண்ணியிருந்தா அதுலயே தெரிஞ்சிடும்.