டென்னிஸ்ல தினமும் ஒரே ஆள்கூட போட்டி போட்டா நட்பு கெட்டுப்போகுமா?

கேள்வி கேட்டவர் சொல்றது இதுதான்: ரெண்டு வருஷமா ஒரே ஃப்ரெண்டுகூட காலைல டென்னிஸ் ஆடறாராம், மொதல்ல ஜாலியா போய்ட்டு இருந்துச்சாம், இப்ப ரெண்டு பேருக்கும் ஸ்கோர் மேல கண்ணு வந்துருச்சு, சில நாள் ஆடி முடிச்சதும் மூஞ்சி குடுத்து பேசறதில்ல, அதனால ஸ்கோர் வைக்காம சும்மா ராலி மட்டும் ஆடிரலாமான்னு யோசிக்கறார்.

ஸ்கோர் வைக்காம ஆடாதீங்க சார். ஒரு வாரத்துல ரெண்டு பேருக்குமே சலிச்சுப்போயி காலைல அலாரத்தை அமுத்திட்டு தூங்க ஆரம்பிச்சிருவீங்க.

நான் கிருஷ்ணகிரி. ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. எனக்கும் இதே மாதிரி ஒருத்தர் இருக்கார், மாங்கா மண்டி வெச்சிருக்கறவர், என்னைவிட பத்து பன்னெண்டு வயசு மூத்தவர். நான் அண்ணான்னு கூப்பிடுவேன், அவர் தம்பிம்பார், வா போ தான். ஆனா நான் நாலு-ஒண்ணுன்னு முன்னால போயிட்டா மட்டும் தம்பி போயி சார் வந்துரும். "சர்வ் போடுங்க சார்"னு அவர் அந்தப் பக்கம் நின்னுட்டு பணிவா சொல்றப்பவே எனக்கு ரெண்டு சர்வும் தப்பிப்போயி டபுள் ஃபால்ட் வர்ற மாதிரி இருக்கும், அதுக்குத்தான் சொல்றார்னு தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியாது. அவர் வீட்ல தெலுங்கு. முக்கியமான பாயிண்டை நெட்ல அடிச்சிட்டா "ஏமிரா இதி"ன்னு தன்னைத்தானே திட்டிக்குவார், அது காதுல விழுந்தாத்தான் அவர் நெசமாவே டென்ஷன்ல இருக்கார்னு அர்த்தம், மத்தபடி அவர் மூஞ்சிய பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, வியாபாரி மூஞ்சி.

நான் கத்துக்கிட்டது பாதி யூட்யூப்ல, நல்லா சுத்தி டாப்ஸ்பின் அடிப்பேன், பத்துல ஆறு உள்ள விழும். அவருக்கு வேகமே கிடையாது. எல்லாம் வெட்டு, தூக்கு, நெட்டுக்குப் பக்கத்துல பொத்துனு ஒரு டிராப். அவங்க அப்பா ராமநாதன் கிருஷ்ணனோட பெரிய ரசிகராம், 1960லயும் 61லயும் விம்பிள்டன் செமிஃபைனல் போன கதைய சொல்லிச் சொல்லியே பையனை வளத்திருக்கார். ரெண்டு தடவையும் கிருஷ்ணன் தோத்தது அந்தந்த வருஷம் கப்பு வாங்கின ஆள்கிட்ட, மொதல்ல நீல் ஃப்ரேசர், அடுத்த வருஷம் ராட் லேவர். கிருஷ்ணனோட ஆட்டம் பூரா கை நேக்குதான், பலம் காட்டற ஆட்டமே கிடையாது, மண்டி அண்ணன் அதைத்தான் பிடிச்சிக்கிட்டார். "நம்மள எல்லாம் அமெச்சூர்னு இளக்காரமா நினைக்காத தம்பி, கிருஷ்ணனும் அமெச்சூர்தான்"ம்பார். அது உண்மைதான், 1968க்கு முன்னாடி விம்பிள்டன் சாம்பியன்ஷிப்ல அமெச்சூருங்கதான், அதாவது ஆட்டத்தை தொழிலா வெச்சுக்காதவங்கதான், ஆட முடியும். ஆனா அதை என்னோட பேக்ஹேண்டுக்கு ஒரு கேவலமான ஸ்லைஸ் போட்டு ஜெயிச்சிட்டு சொல்றப்பதான் கடுப்பா இருக்கும்.

சரி உங்க விஷயத்துக்கு வரேன். மூஞ்சி குடுத்து பேசாத நாளுன்னு சொன்னீங்கல்ல, அது எந்த நாளுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 6-1ன்னு சுத்தமா அடி வாங்கின நாளா இருக்காது. அந்த மாதிரி தோத்தா கோவம் நம்ம மேலதான் வரும், டீ குடிச்சா போயிரும். பேசாம போற நாள் பூரா ஏதோ ஒரு அவுட் கால் இருந்திருக்கும். நீங்க கோட்டு மேல விழுந்துச்சுன்னு நினைச்ச பந்தை அவர் அவுட்னு சொல்லியிருப்பார், இல்ல நீங்க சொன்னதை அவர் நம்பியிருக்க மாட்டார். அதை யாரும் வாய்விட்டு கேக்கறதில்ல, ஃப்ரெண்டாச்சேன்னு விட்டுட்டு மனசுல வெச்சிக்கறது, அப்புறம் ஸ்கோர்தான் பிரச்சனைன்னு நினைச்சிக்கறது.

இந்த ஆட்டத்துல இருக்கற வினோதமே இதுதான். விம்பிள்டன்ல 2025ல இருந்து லைன் ஜட்ஜே கிடையாது, எல்லாம் கேமராதான் சொல்லுது. நமக்கு கேமராவும் இல்ல, அம்பயரும் இல்ல. அவங்கவங்க பக்கம் விழற பந்துக்கு அவங்கவங்கதான் ஜட்ஜு. அதாவது நீங்க உயிரக் குடுத்து அடிச்ச ஷாட்டு உள்ளயா வெளியவான்னு தீர்ப்பு சொல்றது, அது வெளிய போனா லாபம் அடையப்போற ஆளு. வேற எந்த வியாபாரத்துலயாவது இப்படி ஒத்துக்குவோமா.

அதுக்குத்தான் அம்பயர் இல்லாத மேட்ச்சுக்குன்னே தனியா விதி எழுதி வெச்சிருக்காங்க, நெறைய பேர் படிக்கறதில்ல. கோட்டுல துளி பட்டாலும் இன். அவுட்னு உறுதியா தெரிஞ்சாத்தான் அவுட் சொல்லணும், சந்தேகம் இருந்தா அது இன், பாயிண்ட் எதிராளிக்கு. நம்ம ஊர்ல பழக்கம் என்னன்னா "சரியா தெரியல, லெட் போட்டு மறுபடி ஆடிக்கலாம்"பாங்க, கேக்க நியாயமா இருக்கும், ஆனா அது விதியே கிடையாது. தெரியலன்னு சொன்ன நிமிஷமே பந்து இன். மண் கோர்ட்டா இருந்தா அவுட் சொன்ன ஆளு பந்து பட்ட தடத்தை காட்டணும், எதிராளி நெட்டைத் தாண்டி வந்து பாக்கலாம், தடத்தை நீங்க காலால அழிச்சிட்டீங்கன்னா பாயிண்டை விட்டுக்குடுத்ததா அர்த்தம். இந்தக் கடைசி விதியை நான் மண்டி அண்ணனுக்கு சொல்லிக்குடுத்ததுல இருந்து அவர் தடத்தைச் சுத்தி ராக்கெட்டால ஒரு வட்டம் போட்டுட்டு ஷூ படாம ஒதுங்கி நிப்பார்.

போன மார்கழில ஒரு நாள். நாங்க ஆளுக்கொரு செட்டுன்னு ஆயிட்டா மூணாவது செட் ஆடறதில்ல, அவர் மண்டி திறக்கணும், எனக்கு ஆபீஸு, அதனால பத்து பாயிண்ட் டைபிரேக், ரெண்டு பாயிண்ட் வித்தியாசத்துல மொதல்ல பத்தைத் தொடற ஆளு ஜெயிச்சார். அன்னைக்கு 9-8 நான் முன்னால, ஒரே ஒரு பாயிண்ட்டு. ராலி இழுத்துட்டே போகுது, அவர் வெட்ட வெட்ட நான் தூக்கிப் போட, கடைசியா ஒண்ணு கொஞ்சம் குட்டையா வந்துச்சு, ஓடிப்போயி குறுக்கால ஒரு ஃபோர்ஹேண்ட் அடிச்சேன் பாருங்க, சைடு கோட்டுகிட்ட விழுந்து சுண்ணாம்பு புகை மாதிரி பறந்துச்சு. நான் கையத் தூக்கிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல. மெதுவா நடந்து போனார், டிராக் பேன்ட் பாக்கெட்ல இருந்து கணக்கு எழுதற கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டார், முட்டிய பிடிச்சிட்டு குனிஞ்சார், வட்டம் போட்டார். "வந்து பாருங்க சார்."

போனேன். கோர்ட்டைப் பாத்துக்கற மார்க்கர் சாயங்காலம் மண்ணுக்குத் தண்ணி தெளிச்சு ரோலர் போட்டு விட்டிருந்தார், காலைல அந்த ஈரம் இருக்கறவரைக்கும் செம்மண்ணுல தடம் அச்சு குத்தின மாதிரி விழும். நீள்வட்டமா, முன்பக்கம் கொஞ்சம் சறுக்கி, தெளிவா இருக்கு. கோட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு விரல் வைக்கலாம். சுண்ணாம்பு பறந்தது எப்படின்னா, அந்த இடத்துல கோட்டுச் சுண்ணாம்பு வெளிய சிதறிக் கிடந்துச்சு, டைபிரேக்ல ஆறு பாயிண்ட்டுக்கு ஒருக்கா பக்கம் மாறணும்ல, அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் நின்னு காலை இழுத்து இழுத்து அடிச்சது நான்தான். "நீங்க இழுத்துவிட்ட சுண்ணாம்புதான் சார்"னார். சிரிக்கக்கூட இல்ல. 9-9.

அடுத்த பாயிண்ட் அவருது. 9-10ல அவர் தூக்கிப் போட்ட ஒரு லாப் என் பின்கோட்டுகிட்ட விழுந்துச்சு. நான் திரும்பி ஓடிட்டு இருந்ததால விழுந்த இடத்தை சரியா பாக்கல. தேடிப் பாத்தா அங்க நாலஞ்சு பழைய தடம், எது இதுன்னு தெரியல. இன்னு சொல்லிட்டேன். 11-9, முடிஞ்சுது. தோத்த ஆளு டீ வாங்கணும்ங்கறது எங்க கணக்கு, பெங்களூர் ரோட்டுல டீக்கடைல நிக்கறப்ப ஒரு வாய் குடிச்சிட்டு சொல்றார், "அது அவுட்டு தம்பி, அடிக்கறப்பவே கைல தெரிஞ்சுச்சு, நீ ஏன் குடுத்த?" எனக்கு எப்படி இருக்கும். அப்பவே சொல்லிருக்கலாம்லண்ணான்னா, "உன் பக்கம் விழுந்தா உன் கணக்கு, நான் எதுக்கு தலையிடணும்"ங்கறார். இன்னைக்கு வரைக்கும் இது ஓடிட்டு இருக்கு. ஆனா அன்னைக்கு நான் மூஞ்சிய தூக்கிட்டு வீட்டுக்கு போகல பாருங்க, என்னோட ஷாட்டை அவர் அவுட் சொன்னதுல எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்ல, அதனால.

பெரிய ஆளுங்கள்லயும் இப்படி உண்டு. 2005ல ரோம்ல ஆண்டி ராடிக்கும் வெர்டாஸ்கோவும் ஆடறாங்க, ராடிக்குக்கு மேட்ச் பாயிண்ட், வெர்டாஸ்கோவோட ரெண்டாவது சர்வ் அவுட்னு சொல்லிட்டாங்க, மேட்ச் முடிஞ்ச மாதிரிதான். ராடிக்கே தடத்தைக் காட்டி பந்து இன்னுன்னு சொன்னார். அப்புறம் அந்த மேட்ச்ல தோத்தும் போனார். அவங்க சம்பளத்துக்கு ஆடறவங்க, அவங்களே சொல்றப்ப ஒரு டீக்கு ஆடற நாம சொல்றதுக்கு என்ன.

சிமென்ட் கோர்ட்ல ஆடினாத்தான் இதுல சோதனை. நாங்க எப்பவாவது ஓசூர் போயி ஆடுவோம், அங்க தடம்னு ஒண்ணு கிடையாது, வெறும் கண்ணும் வாயும்தான். அதுலயும் ஓசூர் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர், நம்ம ஊரைவிட நல்ல உயரம், காத்து லேசு, பந்து ரெண்டடி கூடுதலாவே பறக்கும், அவரோட லாப் எல்லாம் கோட்டத் தாண்டித்தான் போகும். ஒவ்வொண்ணுக்கும் நான் அவுட் அவுட்னு சொல்லிட்டே இருக்கணும், எனக்கே கூச்சமா ஆயிரும். அவர் ஒரு தடவைகூட "நல்லா பாத்தியா"ன்னு கேட்டதில்ல.

ஸ்கோர்ல சண்டையே இல்லன்னு நினைச்சிக்காதீங்க, நல்லா இருக்கு. மொத்தத்துல யார் ஜாஸ்தி ஜெயிச்சதுங்கறதுல எங்களுக்கு ஒத்துப்போனதே கிடையாது. அவர் மண்டி நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதறார், நான் போன்ல. செந்தூரா மாங்கா வர ஆரம்பிச்சதுல இருந்து அவர் கோர்ட் பக்கமே வர மாட்டார், அப்புறம் பெங்களூரா மாங்கா லோடு லோடா கூழ் ஃபேக்டரிக்கு போகும், விடியக்காலம் மூணு மணிக்கே மண்டில நிக்கணும். கடைசி ரகம் நீலமும் முடிஞ்சு ஆடில வரப்ப மூச்சு வாங்கும், அந்த ரெண்டு மூணு வாரம் நான் வெளுத்து வாங்குவேன். "சீசன் அசதி, கணக்குல சேராது"ம்பார். ஆனா செப்டம்பர்ல எனக்கு ஆடிட் ரிப்போர்ட் நெருக்கடி, ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ஆபீஸ்ல உக்காந்துட்டு தூக்கக் கலக்கத்துல போயி தோப்பேன், அதெல்லாம் நோட்டுல ஏறிரும். கேட்டா "ஆடிட்டர் ஆபீஸ் ஆளே கணக்குல பேரம் பேசலாமா"ன்னு என்னையே திருப்புவார்.

அவர் இல்லாத சீசன்ல காலேஜ் பசங்ககூட ஆடிப் பாத்தேன். நல்ல பசங்க, நல்லா அடிக்கறாங்க, ஜெயிச்சாலும் தோத்தாலும் வீட்ல வந்து சொல்லணும்னே தோணாது. எனக்கு முன்னால ஓடி வந்து டிராப் எடுக்கற பழக்கம் வந்ததே மண்டி அண்ணனாலதான், வேற யாரும் என்னை அப்படி ஓட விட்டதில்ல. பழைய டென்னிஸ் சாம்பியனுங்க கிறிஸ் எவர்ட், மார்ட்டினா நவ்ரத்திலோவா கதையும் இதேதான். ரெண்டு பேரும் 80 தடவை மோதியிருக்காங்க, அதுல 60 ஃபைனல். ஆரம்பத்துல எவர்ட் கை ஓங்கி இருந்துச்சு, அப்புறம் நவ்ரத்திலோவா உடம்பை ஏத்திக்கிட்டு வந்து தொடர்ந்து அடிச்சாங்க, எவர்ட் அந்த வயசுல ஜிம்முக்கு போயி ராக்கெட்டையே மாத்தி 1985 பிரெஞ்சு ஃபைனல்ல 6-3, 6-7, 7-5ன்னு திருப்பிக் குடுத்தாங்க. கடைசில கணக்கு 43-37, நவ்ரத்திலோவா முன்னால. இன்னைக்கும் ஃப்ரெண்ட்ஸ்தான். 43ஆ 37ஆன்னு யாரும் அங்க நோட்டைத் தூக்கிட்டு வரல, அது ஒண்ணுதான் எங்களுக்கும் அவங்களுக்கும் வித்தியாசம்.

அவங்க ஜோடி சேந்து 1976 விம்பிள்டன் டபுள்ஸ்கூட ஜெயிச்சிருக்காங்க. அதைப் பாத்துட்டு நீங்களும் உங்க ஃப்ரெண்டும் ஒரே பக்கம் நின்னு ஆடப் போயிராதீங்க, நாங்க பண்ணினோம், நடுவுல வர்ற ஒவ்வொரு பந்துக்கும் ரெண்டு பேரும் விட்டுக்குடுத்து வேடிக்கை பாத்துட்டு நின்னோம்.

நாளைக்கு காலைல ஆட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிருங்க: சந்தேகம்னா இன், லெட் கேக்கறது கிடையாது, மண்ணா இருந்தா தடத்தை யாரும் மிதிக்கக்கூடாது. சொல்றப்ப பழசைக் கிளற வேண்டாம், இனிமேல இப்படின்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கும் அவர் மூஞ்சி சுளிச்சார்னா அப்ப வேற ஆளைத் தேடலாம், அது வரைக்கும் ஸ்கோரை நிறுத்தாதீங்க.