பெட்டி பாடக்கூடாது

அன்புள்ள ஐயா,

மேசை, புத்தக அலமாரி என்று சில மர வேலைகள் செய்து பழகியிருக்கிறேன். என் பழைய ஸ்பீக்கர்களின் பெட்டிகள் ஈரத்தில் ஊதிவிட்டன. உள்ளே இருக்கும் ஆறரை அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கு), ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கு), ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. புதுப் பெட்டிகளை நானே செய்யப்போகிறேன். நல்ல தேக்குப் பலகைகள் கையில் உள்ளன. வீணையைப் பலா மரத்தில் செய்வதால்தானே அந்த நாதம்? அப்படியானால் தேக்குப் பெட்டியில் இசை இன்னும் இனிமையாக வராதா? நண்பர்கள் எம்.டி.எஃப். போடச் சொல்கிறார்கள். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகைக்கு மனம் ஒப்பவில்லை. பெட்டியை இரண்டு மடங்கு பெரிதாகச் செய்தால் பாஸ் கூடுமா என்பதையும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

வீணையின் குடம் அதிர வேண்டும். தந்தியின் சன்னமான அதிர்வை வாங்கி அறைக்குக் கொடுப்பது அந்த மரம்தான். ஸ்பீக்கர் பெட்டிக்கு வேலை நேர் எதிர். அதில் இப்போது வீணை ஒலிக்கும், அடுத்து தவில் ஒலிக்கும், அப்புறம் ஒரு குரல் வரும். பெட்டியின் சுவரும் சேர்ந்து அதிர்ந்தால் இவை எல்லாவற்றின் மேலும் ஒரே மரச் சத்தம் படியும். முதலில் கேட்கும்போது அது இனிமையாகத்தான் இருக்கும். பத்துப் பாட்டு கேட்டபின் எல்லாம் ஒன்றுபோல் இருப்பது தெரிய வரும்.

அப்படியானால் பெட்டி எதற்கு? வூஃபரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. பெட்டி இல்லாவிட்டால் பின்பக்கத்து அலை விளிம்பைச் சுற்றி வந்து முன்பக்கத்து அலையை அழித்துவிடும். தாழ்ந்த சுரங்கள்தான் முதலில் காணாமல் போகும். வூஃபரைக் கழற்றிக் கையில் பிடித்து ஒலிக்கவிட்டுப் பாருங்கள், பாஸே இருக்காது. பின்னலையைச் சிறைவைக்கும் அறைதான் பெட்டி. சிறைச் சுவர் கனமாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும், காற்று கசியக்கூடாது.

தேக்கு கனமானதுதான். ஆனால் எந்தப் பலகை மரமும் ஈரக் காலத்தில் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே விரியும், வறண்ட காலத்தில் சுருங்கும். மேசைக்கு அது பொருட்டில்லை. ஆறு பக்கமும் பசையிட்டு இறுக்கிய பெட்டியில் என்றாவது ஒரு மூட்டு விட்டுக்கொடுக்கும். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப்.புக்கு இந்தத் தொல்லை குறைவு, தண்ணீர் மட்டும் படக்கூடாது. உங்கள் பழைய பெட்டி ஊதியதும் அப்படித்தான் இருக்கும். தண்ணீருக்குப் பயந்தால் நல்ல பிர்ச் ப்ளைவுட் போடுங்கள். தேக்கை வீணாக்க வேண்டாம், ஸ்டாண்டு செய்யுங்கள். அருமையாக இருக்கும்.

எம்.டி.எஃப்.பை அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் மிக நுண்ணியது, பசையும் கலந்தது. விளிம்பில் திருகு போடுவதானால் முதலில் சிறு துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பலகை இரண்டாகப் பிளக்கும்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். 1961-இல் ஆஸ்திரேலிய ஒலிப் பொறியாளர் நெவில் தீல் எழுதிய கட்டுரையும், 70-களில் ரிச்சர்ட் ஸ்மால் செய்த வேலையும் வந்தபிறகு பெட்டியின் அளவைக் கண்மதிப்பில் முடிவு செய்யத் தேவையில்லை. வூஃபரின் சில எண்களே அதைச் சொல்லிவிடும். ஓர் உதாரணம்: ஒரு வூஃபரின் இயல்பதிர்வு 40 ஹெர்ட்ஸ், கியூ மதிப்பு (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதற்கான எண்) 0.35, கூம்பைத் தாங்கும் தொங்கலின் இளக்கத்துக்குச் சமமான காற்று 30 லிட்டர் என்று வைப்போம். மூடிய பெட்டியில் சமனான ஒலிக்கு அதற்கு 10 லிட்டர் போதும். பாஸ் 80 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கத் தொடங்கும். பெட்டியை 20 லிட்டர் ஆக்கினால்? கணக்குப் போட்டால் இறங்கத் தொடங்கும் இடம் கீழே போகாமல், கிட்டத்தட்ட 85 ஹெர்ட்ஸ் என்று வருகிறது! அதற்கும் கீழே, 40 ஹெர்ட்ஸ் பக்கம் சற்றுக் கூடும், அவ்வளவுதான். இரட்டிப்புப் பலகைக்கு அந்த லாபம் போதாது.

உங்கள் பழைய பெட்டி அந்த வூஃபருக்கென்றே கணக்கிட்டுச் செய்தது. அதன் உள்ளளவையே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் காற்று போய்வர வைத்த துவாரக் குழாய் இருந்தால் அதன் விட்டமும் நீளமும் மாறக்கூடாது. முகப்பலகையின் அகலமும் அதே இருக்கட்டும், ஏனென்றால் கிராஸ்ஓவர் அந்த அகலத்தையும் மனதில் வைத்து அமைக்கப்பட்டிருக்கும். புதுப் பலகை தடிமனாக இருந்தால் அகலத்தை மாற்றாமல் ஆழத்தைக் கூட்டி உள்ளளவைச் சரிசெய்யலாம். உள்ளே குறுக்குக்கட்டை சேர்த்தால் அது அடைக்கும் இடத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.

குறுக்குக்கட்டை அவசியம் போடுங்கள். சுவரை விரல் முட்டியால் தட்டுங்கள். 'டொம்' என்றால் அந்தச் சுவர் பாடுகிறது, 'டக்' என்றால் சரி. கட்டையை நட்டநடுவில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தால் இரண்டு பாதிகளும் ஒரே சுரத்தில் அதிராது.

நான் செய்த முதல் ஜோடியில் தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் 'உஸ்' என்று ஒரு சத்தம். வூஃபர் கிழிந்துவிட்டதென்று நினைத்து இரண்டு நாள் வருந்தினேன். கடைசியில் பார்த்தால், பின்னால் வயர் மாட்டும் தகட்டுக்கு ரப்பர் வைக்க மறந்திருந்தேன். அந்த முடியளவு இடுக்கில் காற்று போய்வந்துகொண்டிருந்தது. 50 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமாக ஓடவிட்டு, ஈரக் கையை மூட்டுகளின் ஓரமாக நகர்த்தினால் கசிவு சில்லென்று தெரியும். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். நான் அடித்தபிறகு செய்தேன்.

பழைய பெட்டிகளை இன்னும் தூக்கிப் போடவில்லைதானே? ஊதாத பக்கத்திலிருந்து அளவெடுத்து முடிக்கும்வரை வைத்திருங்கள்.

அன்புடன்.